ஒரே பெயரில் பதினெட்டு

பாபுராவ் தெருவுக்குப் பின்சந்தில் எங்கள் லாட்ஜ்.
மூன்று மாடி, பதினெட்டு அறை, ஒரே வைஃபை.
முதலாளி ஓசூரிலிருந்து மொத்தமாக இறக்கிய
பதினெட்டு டிவிக்கும்
கம்பெனி வைத்த ஒரே பெயர்.
அறைக்கு ஒன்றாக மாற்றி வை என்றார்.
அக்னி நட்சத்திரம். மாடி ஏற மனசில்லை.
மாற்றவில்லை.

பன்னிரண்டில் அனிமா மண்டல்,
கூச்பிகாருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர்.
மகன் பாபானுக்கு இதயத்தில் ஓட்டை.
ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுப்
பதினோரு நாளாகிறது.
சாயங்காலம் தவறாமல் அவன் மாமா
ஊர் மழையைப் படம் பிடித்து அனுப்புகிறார்.
பையன் போனில் பட்டியலைத் திறக்கிறான்:
ஒரே பெயர், மேலிருந்து கீழாக.
மூன்றாவதைத் தொடுகிறான்.
அவர்கள் டிவி கறுப்பாகவே இருக்கிறது.

'டிவி சல்தா நஹி' என்று அனிமா வந்து சொன்னபோது
நோட்டில் எழுதினேன்:
12, டிவி ரிப்பேர்.
அந்த வரியை அப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினான்கிலிருந்து புகாரே இல்லை.
அங்கே தணிகாசலம், சோளிங்கர், லாரி டிரைவர்,
முட்டிக்குக் கீழே வெளியே தெரியும்படி
கம்பி மாட்டிய கால்.
செய்தி பார்த்துக்கொண்டு கிடந்தவர் முன்னால்
திடீரென்று தகரக் கூரை மேல் மழை.
வாத்துகள்.
படிகளை ஒவ்வொன்றாக விழுங்கும் ஒரு குளம்.
கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ
பாபான், பாபான் என்று கூப்பிடுகிறார்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
மனிதர் எழுந்து ஃபேனைக் குறைத்தாராம்,
மழைச் சத்தம் சரியாகக் கேட்கட்டும் என்று.

நாலு நாள் இப்படி.
மணி ஆறானால் ரிமோட்டைத்
தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுக் காத்திருப்பாராம்.
'அந்தப் பக்கம் லோடு போயிகீறேன்.
இதே மழதான்.
மூணு நாள் வண்டிய நகர உடல.'

ஐந்தாம் நாள்
மழைக்குக் குறுக்கே ஒரு பட்டை இறங்கியது.
வங்கிக் குறுஞ்செய்தி.
போனின் முகம் அப்படியே சுவர் தாண்டி வந்திருக்கிறது,
மழை மட்டும் தனியாக வருமா?
தணிகாசலத்துக்கு இங்கிலீஷ் வராது.
லோடு ரசீது பார்த்துப் பழகிய கண்ணுக்கு
எண் போதும்.
போனது பதினெட்டாயிரம்.
மீதி ஆயிரத்து நூற்று நாற்பது.

படிக்குப் படி உட்கார்ந்து,
காலைத் தூக்கித் தூக்கி வைத்து
இறங்கி வந்தார் கவுண்டருக்கு.
'பன்னண்டுல வாடக கேக்காத தம்பி, இந்த வாரம்.'
உங்களுக்கு எப்படித் தெரியும்?
'டிவில வந்துது.'
பாபான் என்று அந்த அம்மா
வராந்தாவில் கூப்பிட்டதை வைத்து
அறையையும் கண்டுபிடித்திருக்கிறார்.

அன்றிரவு மாடி ஏறினேன்.
கதவு கதவாகத் தட்டி, மன்னிப்புக் கேட்டு,
அறை ஒன்று, அறை இரண்டு என்று
ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினேன்.
இத்தனை நாளில்
யார் ஸ்கேன் யார் சுவரில் ஓடியதோ,
யார் வீட்டுக் கல்யாணத்துக்கு
யார் எழுந்து உட்கார்ந்தார்களோ.
நாலாம் அறைக்காரர் கொட்டாவி விட்டபடி
இதையெல்லாம் பகலில் செய்யக் கூடாதா என்றார்.

கீழே வந்து நோட்டைத் திறந்தேன்.
12, டிவி ரிப்பேர் என்பதற்கு அடியில்
ஆகவே ஒரு வார வாடகை கழிவு
என்று எழுதினேன்.
முதலாளி கையெழுத்தை மட்டும்தான் பார்ப்பார்.

மறுநாள் ஆறு மணிக்குப்
பன்னிரண்டில் பையன் போட்ட கூச்சல்
கவுண்டர் வரைக்கும் கேட்டது.
அப்புறம் கதவு சாத்துகிற சத்தம்.

ஆறு ஐந்துக்கு இன்டர்காம் அடித்தது.
பதினான்கு.
'இன்னாப்பா, இன்னிக்கு மழ வர்ல?'

ரிப்பேர் பண்ணிட்டேண்ணே,
என்றேன்.