நடுவழியில் இறக்குவதில்லை

கூரை ஒழுகுகிறது என்று கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.
உள்ளே மெத்தைகள் ஈரத்தில் ஊறிக் கிடக்க
ஜூடோ பழகும் இருபது பேர்
ரியோனி ஆற்றின் வெள்ளைக் கற்களில் நிற்கிறோம்.
மார்ச் மாதம், காலை ஆறு மணி.
குத்தாயிசி இன்னும் போர்வையை விலக்கவில்லை.

"இங்கே யாரும் யாரையும் வீழ்த்தக் கூடாது"
என்கிறாள் தம்தா. இருபத்துநான்கு வயது,
கழுத்தில் விசில், கையில் பாதி கடித்த ரொட்டி.
கூழாங்கல் மெத்தையாகாது.
ஆகவே கூரை காயும்வரை
ஓட்டம், தண்டால், தூக்கல்.
வீழ்த்தக் கற்க வந்தவர்கள் நாங்கள்.

எனக்கு நாற்பத்துமூன்று.
சந்தையிலிருந்து ரயிலடி வரை வேன் ஓட்டுகிறேன்.
பதினெட்டு வருடம் நான் உட்கார்ந்த இருக்கை
இப்போது என் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது.
மருத்துவர் நடக்கச் சொன்னார்.
ஓட்டுநர் நடந்து போனால் ஊர் என்ன சொல்லும்?
வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டேன்.
அன்று என்னோடு கட்டியவர்களுக்கு ஒன்பது வயது.
அவர்கள் எல்லாரும் இப்போது மஞ்சள்.
எங்களோடு ஓடிவரும் தெருநாய்க்கும்
காதில் நகராட்சி குத்திய மஞ்சள் வில்லை.
அதுவும் எனக்கு முன்னால்தான் ஓடுகிறது.

"ஜோடி சேருங்கள். தேவாலயம் வரை நூற்றுநாற்பது படி.
எழுபது நீ சும, எழுபது அவன் சுமக்கட்டும்."

திடீரென்று எல்லாருடைய ஷூ நாடாவும் அவிழ்ந்துவிட்டது.
குனிந்த முதுகுகளுக்கு நடுவே ரேஸி மட்டும் நிமிர்ந்து நின்றான்.
பதினேழு வயது, தொண்ணூற்றாறு கிலோ.
யாரோ விட்டுப்போன பெட்டிக்குக் காவல் நிற்பவனைப் போலத்
தன் உடம்புக்குப் பக்கத்தில் நின்றான்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
மழையில், மூட்டையோடு, நிறுத்தத்தில் நிற்பவரின் முகம்:
வேன் நிற்குமா, நிற்காதா.

"ஏறு" என்றேன்.

இருபது படிவரை பேச்சு இருந்தது.
முப்பதில் மூச்சு மட்டும்.
அதற்குமேல் என் முழங்கால்
பல் தேய்ந்த கியரைப் போல முனகியது.
"இறக்கிவிடுங்கள், நடந்துகொள்கிறேன்."
பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பான குரல்.
"என் வண்டியில் நடுவழியில் இறக்குவதில்லை" என்றேன்.
சொல்லி நாலாவது படியில் இறக்கினேன்.
இறக்கினேன் என்பது மரியாதைக்கு.
விழுந்தோம்,
நல்லவேளை, புல் பக்கமாக.

"ஐம்பத்தெட்டு" என்றான் ரேஸி, சட்டையில் மண்ணோடு.
"போன தடவை என்னைத் தூக்கியவன் பதினொன்று."

"மிச்சம் எண்பத்திரண்டு!" மேலிருந்து தம்தா.
ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

பிறகு அவன் என்னைத் தூக்கித் தோளில் போட்டான்.
தலைகீழாய்த் தொங்கியது நகரம்:
மேலே ஆறு, அதற்குக் கீழே பாலம்,
கூரையில் நடந்து வரும் நாய்.
ஒரு நாளைக்கு நானூறு பேரை ஏற்றி இறக்குகிறேன்.
விவரம் தெரிந்து என்னை யாரும் ஏற்றியதில்லை.
திருமணத்தன்று நண்பர்கள் முயன்றார்கள்,
நாற்காலியோடு கைவிட்டார்கள்.

என் வயிறு அவன் தோளெலும்பில் நசுங்க
பேச முடியவில்லை. கேட்க முடிந்தது.
இரண்டாம் கியரில் மேடேறும் எஞ்சின்,
சூடாகிறது, இருமுகிறது,
நிற்கவில்லை.
எங்கோ ரொட்டி அடுப்பைத் திறந்தார்கள், வாசனை வந்தது.
ஏழேகாலுக்கு என் முதல் நடை,
கிளட்சை மிதிக்கக் கால் மிஞ்சுமா, தெரியாது.

உச்சியில் விசில் ஊதியது.
மற்றவர்கள் பொத்துப்பொத்தென்று இறங்கும் சத்தம்.
ரேஸி நிற்கவில்லை.
கேட்காமல்கூட இருந்திருக்கலாம்.
நிறுத்தம் தாண்டி நாலைந்து அடி போய்விட்டான்.

நிறுத்தம் தாண்டினால் கத்துகிற பயணிகளை
பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன்.
நான் வாயைத் திறக்கவில்லை.