மணல் மூட்டை இரண்டு

ஐஸ் ஃபாக்டரியை இடிக்க வந்த பொக்லைன்
பின்சுவரில் ஒரு குத்துக் குத்திவிட்டு நின்றது.
பசவராஜு இறங்கி வந்து சொன்னான்:
"உள்ளே ஏதோ மீன் இருக்கு."

வால் மட்டும்தான் தெரிந்தது.
செங்கல் தூசிக்குள் இரண்டு துடுப்பு,
நடுவில் உடைந்த சிவப்புக் கண்ணாடி.
வாசலைவிட அகலமான கார்.
அதை உள்ளே விட்ட பிறகு
யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.
ஏன் என்று கேட்க
காக்ஸ் டவுனில் அந்தக் காலத்து ஆள் மிச்சமில்லை.

ஒரே ஒரு புகைப்படம் கிடைத்தது.
அறுபத்தேழு, கண்காட்சித் திடல், சுழலும் மேடை.
கட்டியவர் எம். தேவசகாயம், ரிச்மண்ட் டவுன்.
வாழ்நாள் முழுக்க பஸ்ஸுக்கு பாடி கட்டியவர்
ஒரு தடவை மட்டும்
பஸ் அல்லாத ஒன்றைக் கட்டியிருக்கிறார்.

படம் கறுப்பு வெள்ளை. நிறம் சொல்லாது.
நானோ பெயிண்ட் அடிக்கிறவள்.
அன்று பார்த்தவர்களைத் தேடிப் போனேன்.
இருசப்பன் சிவப்பு என்றார், பிள்ளைகள் மேல் ஆணையாக.
டயர் கடை ஹபீபுல்லா மயில் நீலம் என்றார்.
மிஸ் டோரத்தி நெடுநேரம் யோசித்து
"மஞ்சள்" என்றாள், உடனே
"இல்லை, மஞ்சள் நான் போட்டிருந்த கவுன்."

உப்புத்தாளை எடுத்தேன்.
முதலில் சுண்ணாம்பு.
அடுத்து ஃபாக்டரி கேட்டுக்கு அடித்து
மீந்ததை வீணாக்க மனசில்லாமல் பூசிய பச்சை.
கறுப்பு. சாம்பல்.
பிறகு வெறும் அலுமினியம்.
தோலைத் தேடி எலும்பில் வந்து முட்டினேன்.

மூன்றாம் வாரம்
பக்கக் கண்ணாடியில் களிம்பேறிய பித்தளைத் திருகைக் கழற்றியபோது
வாஷருக்கு அடியில்
நாலணா அகலத்தில்
வெயில் படாத ஒரு வட்டம்.
நறுக்கிய கொய்யாவின் உள்பக்கம்.
யாருமே சொல்லாத நிறம்.

பானெட் இறுகிப்போயிருந்தது.
திறக்கிற நாளுக்கு
பொன்னப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.
நிலத்தை வாங்கியவர் அவர், காரும் அவருக்கே.
உள்ளே ஃபியட்டா ஹெரால்டா என்று
டிங்கர் சகாயத்தோடு நூறு ரூபாய் பந்தயம் வேறு.

இன்ஜின் இல்லை.
கழற்றிய தடமும் இல்லை.
போல்ட் இறங்க ஓர் ஓட்டைகூட இல்லை.
மூக்கு தூக்கிக்கொள்ளாமல் இருக்க
இரண்டு மணல் மூட்டை,
கோணி இற்று, மணல் மட்டும் மூட்டை வடிவிலேயே
உட்கார்ந்திருந்தது.

பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை.

"ஜப்பான் இன்ஜின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்" என்றார் பொன்னப்பா.
கலர் கலக்கிக்கொண்டே சொன்னேன்:
"ஓட்டை போடணும் சார்."
அன்று ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.
மறுநாள் போனில்
ஆற்று மணல் எங்கே கிடைக்கும் என்றார்.
பெங்களூரில் ஏது ஆற்று மணல், எல்லாம் எம் சாண்ட்.
பழையதையே சலித்து
எறும்புகளை ஒதுக்கி
புதுக் கோணியில் தைத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு விடிகாலை நாலு மணி,
ஃப்ரேசர் டவுன் பக்கம் ஓர் இறக்கம்.
பொன்னப்பாவோடு நாலு பேர் தள்ள
ஸ்டீயரிங்கில் நான்.
ஐம்பத்தெட்டு வருடத்தில்
முதல் தடவையாக அது ரோட்டைத் தொட்டது.
ரப்பர் தாரில் ஒட்டிப் பிரிகிற ஒலி தவிர
ஒன்றுமில்லை.
நாய் ஒன்று எழுந்தது, பார்த்தது,
மறுபடி படுத்துக்கொண்டது.
தெருவிளக்கு ஒவ்வொன்றும்
கொய்யாவின் மேல் வழிந்து பின்னால் போனது.

கீழே ரோந்து ஜீப்.
கான்ஸ்டபிள் டார்ச் அடித்து ஆர்.சி. புக் கேட்டார்.
இல்லை.
இன்ஷூரன்ஸ்?
இல்லை.
பானெட்டைத் தூக்கிக் காட்டினேன்.
மணலை ரொம்ப நேரம் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு
மேட்டில் ஏற்ற
ஐந்தாவது ஆளாகப் பின்னால் வந்தார்.

"துடுப்பில் கை வைக்காதீங்க சார்" என்றேன்,
"பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயலை."