காணப்படவில்லை

முதல் இரண்டு அறிக்கையிலும்
என் கையெழுத்துதான் இருக்கிறது.
மலேரியா: காணப்படவில்லை.
மலேரியா: காணப்படவில்லை.

மூன்றாவது ஸ்லைடு வந்தபோது மணி இரண்டே முக்கால்.
சிவாஜி நகரில் அந்த நேரத்துக்கும்
யாரோ ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
சாயம் உலரும்வரை வெளியே நின்று
ஒரு காய்ந்த பன்னைத் தின்றேன்.
பிறகு ஒரு சொட்டு எண்ணெய், நூறு மடங்கு லென்ஸ்.

நஞ்சுண்டப்பா, ஐம்பத்திரண்டு, ஈஜிபுரா.
ஒன்பது நாள் காய்ச்சல்.
மஞ்சள் கண். சிறுநீர் கடுங்காப்பி நிறம்.

சிவப்பணுவுக்குள் மோதிரங்கள்.
இதைத்தானே தேடினோம் என்று கை பேனாவுக்குப் போனது.
ஆனால் மலேரியா தின்ற இடத்தில்
எச்சில் வைக்கும், பழுப்பாக ஒரு துணுக்கு.
இது தட்டை வழித்து நக்கியிருந்தது.
ஸ்லைடை நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம்.
ஓர் அணுவுக்குள் நான்கு:
ஒரே தொட்டியில் நாலு திசையிலிருந்தும்
முகம் வைத்த மாடுகள் போல
நுனி ஒட்டி, முதுகு விலகி.

கேட்கமாட்டார்கள் என்று
பரீட்சைக்கு முந்தின இரவு
நான் மடித்துவிட்ட பக்கம்.

பபீசியா.

டியூட்டி டாக்டர் ஷெனாஸ் ஒன்றுதான் கேட்டார்:
அவருக்கு மண்ணீரல் இருக்கிறதா?

பெஞ்சில் படுத்திருந்த மனைவியை எழுப்பினேன்.
ஓசூர் ரோடு, ஆறு வருடம் முன்பு, லாரி.
வயிற்றைத் திறந்து
"ஏனோ தெகெத்ரு" என்றார் புட்டதாயம்மா.
கன்னடத்தில் ஏனோ என்றால் எதையோ.
தமிழில் ஏனோ என்றால்
காரணம் தெரியவில்லை.
எனக்கு இரண்டும் கேட்டன.

கெட்ட அணுவை நிறுத்திச் சோதிக்கும் சல்லடை அது.
அது இல்லாத உடம்பில்
வந்தவன் எல்லாம் வீட்டுக்காரன்.

மாடு உண்டா?
இரண்டு. ஒன்றுக்குப் போன மாதம்
மூத்திரம் சிவப்பாகப் போனதாம்.
மாட்டு டாக்டர் வந்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார்,
ஓர் ஊசி.
மறுநாள் தீனி தின்றது.
அவர் குரலில் குறையே இல்லை.
எனக்குத்தான் சுருக்கென்றது:
பசுவுக்கு ஒரு காலை, அவருக்கு ஒன்பது நாள்.

உண்ணி கடித்ததா என்றேன். சிரித்துவிட்டார்.
தினமும் பொழுது சாய்ந்தால்
பசுவின் காதுமடலில் பிடுங்கிப் பிடுங்கி
மண்ணெண்ணெய் டப்பாவில் போடுகிற மனுஷன்.
எது எப்போது கடித்தது என்று
யார் நோட்டு எழுதினார்கள்?

உண்ணி. பெயரே அதன் தொழில்.
நஞ்சை உண்டவன் பெயரைச் சுமந்தவரை
உண்டுகொண்டிருந்தது
எள்ளளவு எட்டுக்கால் கொண்டுவந்த ஏதோ ஒன்று.
பசுவுக்கு வந்ததே இவருக்கும் வந்ததா,
வேறு வகையா?
ரத்தம் புனேக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

இரண்டு மருந்து, மூன்று பாட்டில் ரத்தம்.
நூறு அணுவில் பதினொன்று என்று எழுதினேன்,
பிறகு ஏழு. ஒருநாள் எட்டாக ஏறியது,
அன்று யாரிடமும் பேசவில்லை.
பிறகு மூன்று.
இன்று இருநூறு புலம் பார்த்துவிட்டேன்,
கழுத்து மரத்துவிட்டது.

இல்லை என்று எழுத எங்களுக்கு உரிமை கிடையாது.
பார்த்தவரைக்கும்தான் எங்கள் சொல்.
காணப்படவில்லை
என்று அடித்துவிட்டு,
கையெழுத்துப் போடாமல்
எழுந்து போய் முகம் கழுவினேன்.
திரும்பி வந்து
அதே ஸ்லைடை மறுபடி வைத்தேன்.