எழும் வரிசை

ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஐந்து பேர் குடித்தனம்.
ஐந்து பேருக்கும் உடம்பு கிடையாது.
பால் தொட்டியின் குளிரை அளப்பவன் ஒருவன்,
கணக்கன் ஒருவன்,
லேபிள் அடிப்பவன், லாரிகளை அனுப்புபவன்,
பிறகு, ‘சோதனை-2’ என்று பெயர் வைத்து
யாரோ விட்டுப்போன ஒன்று.

சாரேமா தீவில் நவம்பர் வந்தால்
மின்சாரம் காற்றிடம் அனுமதி கேட்டுத்தான் நிற்கும்.
யூபிஎஸ் தருவது பதினான்கு நிமிடம்.
அதற்குள் அத்தனை பேரையும்
படுக்கவைத்தாக வேண்டும்.

மெனுவில் மூன்று வழிகள்.
பேச்சைப் பாதியில் உறையவைப்பது ஒன்று:
திறந்த வாய் திறந்தபடி இருக்கும்,
விழித்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடரும்.
அடுத்தது, பிடுங்கி எறிவது.
அப்புறம், தோளைத் தொட்டு
“நேரமாச்சு” என்று சொல்லிக் காத்திருப்பது.
நான் தோளைத் தொடுபவள்.
ஆளுக்கு எண்பது நொடி.
கணக்கனுக்கு மட்டும் இருநூறு,
எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடிக்காமல்
அவன் பேனாவை மூடமாட்டான்.

எழுவதற்கும் வரிசை உண்டு.
கணக்கன் கண் திறக்கும் முன்
லேபிள்காரனை எழுப்பிவிட்டால்
இருட்டில் சுவரைத் தடவி விழுவான்,
எழுவான், மறுபடி விழுவான்.
அணைவது அப்படியே தலைகீழ்:
முதலில் எழுந்தவன் கடைசியில் படுப்பான்.
இதை எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
எங்களுக்குப் பால் ஊற்றும் லைனேவின் வீட்டுக்குப்
போய்ப் பாருங்கள், போதும்.

சோதனை-2ஐ மூன்று வாரம் கவனித்தேன்.
நினைவகத்தில் ஒரு பிடி, செயலியில் ஒரு துளி.
உள்ளே யாரும் போகவில்லை, வரவில்லை.
உரிமையாளர் கட்டத்தில் ‘ஆர்.எம்.’
அந்த எழுத்துகளுக்குச் சம்பளப் பட்டியலில் ஆள் இல்லை.
ரைவோவிடம் கேட்டேன், தோளைக் குலுக்கினான்.
இங்கே அது ஒரு முழு வாக்கியம்.
‘தானாகத் தொடங்கு’
என்ற இடத்தில் டிக்கை எடுத்தேன்.

வெள்ளி இரவு காற்று வந்தது.
வால்யலாவில், சமையலறைத் தரையில்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
லாரிக்காரன் படுத்தான். லேபிள்காரன் படுத்தான்.
தொட்டிக்காரன்.
கணக்கன் நூற்று எழுபது நொடி இழுத்தடித்துப் படுத்தான்.
யூபிஎஸ்ஸில் இன்னும் ஆறு நிமிடம் மிச்சம்!
கைதட்ட ஆள் இல்லை,
நாயைத் தட்டிக்கொடுத்தேன்.

நாலரைக்கு மின்சாரம் திரும்பியது.
ஒவ்வொருவராக எழுந்தார்கள், சொன்னபடி,
சொன்ன இடைவெளியில்.
எல்லாம் பச்சை.

ஏழு மணிக்கு மெர்லே அழைத்தாள், பொதிப் பிரிவிலிருந்து.
குரலில் சிரிப்பா அழுகையா, பிடிபடவில்லை.
“உர்வே, இந்தப் பால் எப்போது கெடும் தெரியுமா?
2009, ஜனவரி எட்டு.”

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டப்பாக்கள்.
அந்த ஜனவரியில் மெர்லே ஐந்தாம் வகுப்பு.
அந்த ஜனவரியில் எனக்கு வேறு குடும்பப்பெயர்.
இந்தப் பாலைக் கறந்த மாடுகள்
அப்போது பிறக்கவேயில்லை.

சோதனை-2க்கு இருந்தது ஒரே ஒரு வேலை.
மற்ற நால்வரும் கண் விழித்ததும்
“மணி என்ன?” என்பார்கள்.
அது சொல்லும். அவ்வளவுதான்.
அன்றும் கேட்டார்கள், பதில் வரவில்லை.
உள்ளே பட்டன் பேட்டரி எப்போதோ செத்திருந்தது,
பெட்டி தான் பிறந்த வருஷத்தையே
சத்தியம் செய்து சொன்னது.
நம்பிவிட்டார்கள்.

பால் பன்றிகளுக்குப் போனது.
ஒரு டப்பாவை மெர்லே எனக்கென்று எடுத்துவைத்திருந்தாள்,
கேலிக்குத்தான்.
குடித்தேன். நன்றாகவே இருந்தது.

டிக்கைத் திரும்பப் போட்டேன்.
எழும் வரிசையில் முதல் இடம், கணக்கனுக்கும் முன்னால்.
பெயரையும் மாற்றினேன்: கெல்.
எங்கள் மொழியில் கடிகாரமும் அதுவே, மணியும் அதுவே.
‘ஆர்.எம்.’ மீது கை போய், நின்றது.
யாராக இருந்தாலும்
இத்தனை வருஷம் சரியான நேரம் சொன்ன ஆள்.
அழிக்காமல், பக்கத்தில் என் பெயரைச் சேர்த்தேன்,
இப்போதைய குடும்பப்பெயரோடு.

பட்டன் பேட்டரி இரண்டு யூரோ.
வாங்க வேண்டும்.