அடிப்பக்கம்

ஜவ்பர் நானாவின் கல்முனைக் கடையில் பதினொரு மெசின்கள்.
பூட்டிய கார்மென்ட் ஒன்றிலிருந்து லொறியில் வந்தவை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் யாரோ ஒருத்தி ஒட்டிய ஸ்டிக்கர்:
ரோசாப்பூ, மாதா,
ஒரு நடிகனின் பாதி முகம்.

"நிமிசத்துக்கு ஐயாயிரம் தையல், புள்ள.
கண்ண மூடித் திறக்க ஒரு காற்சட்டை."
"ஒண்டே ஒண்டு தைக்குமா நானா?
ஒரு தையல் போட்டிட்டு நிக்குமா?"
சிரித்துக்கொண்டு மிதித்தார்.
மோட்டர் கயிறறுத்த நாம்பனாய்ப் பாய்ந்து
பதினேழு தையல் தள்ளிப்போய் நின்றது.

சீமெந்துப் பை ஒன்றில்
என் துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன்:
நாலு மடிப்புக் கன்வஸ்,
ஓட்டோ சீட்டு ரெக்சின்,
உப்பில் விறைத்த தோணித் தறப்பாள்,
மூன்று மில்லிமீற்றர் மாட்டுத்தோல், இரண்டு பட்டி.
ஆகப் பளபளத்த மெசினில்
அடித்தோல் நடந்தது, மேல்தோல் நின்றது.
பத்து அங்குலம் போவதற்குள் இரண்டுக்கும்
அரை அங்குல மனஸ்தாபம்.

மூலையில் ஒன்று, பச்சை நிறம் உரிந்து
எருமை உடம்போடு.
அதற்கு இரண்டு பாதங்கள்,
ஒன்று அமத்த, ஒன்று நடக்க.
ஊசியும் தோலுக்குள் நின்றபடியே
கூட ஓரடி வைத்து
பிறகுதான் மேலே வரும்.
"அது ஆமை, புள்ள. ஆரும் கேக்கிறல்ல."
சீட்டுக் காசு முழுவதையும் எண்ணிக் கொடுத்து
ஆமையை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி
குருக்கள்மடம் கொண்டுவந்தேன்.

மூன்று இரவு அது என்னோடு பேசவில்லை.
இரண்டு தையல் பிடிக்கும், மூன்றாவதை விடும்.
பார்க்க வந்தவர்கள் எல்லோரும்
"நூல இறுக்கிப் பாரு" என்றார்கள்.
இறுக்கும் திருகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது,
அதனால்தான் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கிறது.
நான் தகட்டைக் கழற்றி
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சக்கரத்தைக் கையால் உருட்டினேன்.
ஊசி அடிதொட்டு, ஓர் அரிசித் தடிப்பு எழும்பும்போது
நூல் ஒருகணம் தளர்ந்து சின்னக் கண்ணி காட்டும்.
கொக்கி அப்போது வரவேண்டும்.
என் கொக்கி, பஸ் போனபிறகு
ஹோல்ட்டுக்கு வருகிற ஆள்.
திருகுகளைத் தளர்த்தி மயிரிழை முன்னால் நகர்த்தினேன்.
டக்.
பிடித்தது.
வெளியே நாய் குரைத்தது, அதற்கென்ன தெரியும்.

பிறகும் பிழை விட்டேன்.
தோலை வெட்டும் ஊசியால் கன்வஸைத் தைத்து
இழைகளை அறுத்தேன்.
உறுதிக்கென்று தையலை நெருக்கிப் போட்ட முதல் பட்டி
முத்திரைத் தாள் மாதிரி துளைவழியே கிழிந்து வந்தது.
துணி மன்னிக்கும்,
நீவிவிட்டால் துளை தூர்ந்துவிடும்.
தோலில் விழுந்தது விழுந்ததுதான்.

புவிராஜ் வெள்ளிக்கிழமை வந்தான்.
கேட்டிருந்த பட்டியைக் கையில் வாங்கி
மேற்பக்கத்தை, நான் மெழுகு தேய்த்து மினுக்கிய அந்தப் பக்கத்தை
பார்க்கவேயில்லை.
திருப்பினான்.
பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டு போய்
வளைவில் நின்றான்.
"இஞ்ச."
என் விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை.
"விரலுக்குத் தட்டாது கா.
களுவாஞ்சிக்குடி போய்ச் சேரக்குள்ள
தொடைக்குத் தட்டும்."

மேல்நூலும் கீழ்நூலும் பிணையும் முடிச்சு
இரண்டு தோலுக்கும் நடுவில் புதைய வேண்டும்.
என்னுடையது அடியில் எட்டிப் பார்த்திருக்கிறது,
கடுகின் பாதி அளவு.
இப்போதுதான் நூலை இறுக்கினேன்.
கால் சுற்று.
துண்டுத்தோலில் ஓட்டி
திருப்பி
என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து
இன்னும் அரைக்கால் சுற்று.

புதுப் பட்டி வெட்டினேன்.
"நிண்டு கொண்டுபோறன்" என்று
புவிராஜ் கதிரையில் இருந்து
காலைக் கழற்றி மெசினோடு சாத்திவைத்தான்.
அது செருப்புப் போட்டபடி நின்றது.
வளைவு வந்தது.
ஒரு தையல் போட்டேன்.
நின்றேன்.
தோலைக் கொஞ்சம் திருப்பினேன்.
இன்னொன்று.