ஒரு தட்டுக்கு இருபது ரூபாய்

அந்தக் கவசம் என் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறதாம்,
நான் காசு கொடுத்து வாங்கிய அட்டைக்குள்.
திறக்க மட்டும்
ஒரு சாண் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வீரன் வேண்டும்.
விலை மூவாயிரத்து நூறு.
அம்மாப்பேட்டை அறை வாடகையில்
என் பங்கைவிட அறுநூறு அதிகம்.

மூன்று மாதம் டீயைக் குறைத்தேன்.
சேர்ந்த எண்ணூறை
சிலிண்டர் வந்து வாங்கிக்கொண்டு போனது.

ஏற்காட்டில் ரெஜினால்டிடம் பதினொரு பொம்மைகள் இருப்பதைச் சொன்னவன்
கூரியர் குடோனில் கூட வேலை பார்க்கும் சர்புதீன்.
கையில் தரமாட்டானாம். தொட்டுக்கொள்ள விடுவான்,
ஒரு தட்டுக்கு இருபது.
கிழிந்த தாள் செல்லாது.

ஞாயிறு முதல் பஸ்.
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
பக்கத்து சீட்டுப் பையன் வாந்தி எடுத்தான்.
நான் அவனைப் பிடிக்கவில்லை,
பையைத்தான் தலைக்கு மேல் தூக்கினேன்.

கண்ணாடி அலமாரி, மூலைக்கு மூலை சூடம்.
வீரனின் வாள் நுனி உடைந்திருந்தது.
"பரவால்ல, சிப்பு அடியிலதான் இருக்கு."

தட்டினேன்.
வானத்திலிருந்து ஒரு பெட்டி விழுந்தது:
நான்கு மீன்,
ஒரு கட்டு விறகு.

"கவசம் எப்பவாவதுதான் வரும்.
ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எடுக்கும்.
நாளைக்கு வாங்க."

நாளைக்கு எனக்கு இரவு ஷிஃப்ட்.

இறங்கும் பஸ்ஸில் விறகை மூட்டி மீனைச் சுட்டேன்.
என் ஆளுக்குப் பசியே இல்லை,
உயிர் ஏற்கெனவே நிறைந்திருந்தது.
கோரிமேட்டில் சில்லறை கொடுத்த கண்டக்டரிடம்
ஒரு இருபது ரூபாய்த் தாளை மாற்றிக் கேட்டேன்,
கிழியாததாக.