சுத்தமான ஃபில்டர்

நான்காவது ஃபில்டரையும் கழற்றி
விளக்கடியில் மடிப்பு மடிப்பாய்ப் பிரித்தேன்.
வெளுத்த தாள். தேன் நிற எண்ணெய்.
கரி இல்லை, பொடி இல்லை,
உலோக மினுக்கம் ஒன்றுகூட இல்லை.
"நல்லாத்தானே இருக்கு கோகி" என்றான் லிண்டானி.
நல்லாத்தான் இருந்தது.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

டர்பன். பேஹெட் கரை. ஜூலை மாதக் காலை.
ப்ளஃப் குன்றை மூடிய மூட்டம் இன்னும் கலையவில்லை.
இழுவைப் படகின் அடிவயிற்றில் நாங்கள் இரண்டு பேர்,
அணைத்து வைத்த ஆயிரத்து எண்ணூறு குதிரைகள்.

லாக் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஃபில்டர் மாற்றம், க்ளீன்.
ஃபில்டர் மாற்றம், க்ளீன்.
நாலு வருஷம். முதலில் பி. மூட்லியின் சாய்ந்த கையெழுத்து,
பிறகு வந்தவர்கள், பிறகு என்னுடையதும் மூன்று.
கப்பி தங்காத சல்லடையென்றால்
மாவு அந்தப் பக்கமே வரவில்லை என்று பொருள்.
இது சமையலறையில் தெரிந்திருந்தது எனக்கு,
இங்கே தெரிய
மூன்று க்ளீன் ஆனது.

பைபாஸ் வால்வு பெரிய சமாச்சாரம் இல்லை.
கட்டைவிரல் பருமனில் ஒரு குமிழ், பின்னால் சுருள்வில்.
ஃபில்டர் அடைத்துக்கொண்டால்,
குளிரில் எண்ணெய் பாகாய் இறுகினால்
வில் ஒடுங்கும், குமிழ் விலகும்,
வடிகட்டாத எண்ணெய் அப்படியே ஓடும் பேரிங்குக்கு.
அழுக்கு எண்ணெய் பேரிங்கை வருஷக்கணக்கில் தின்னும்.
எண்ணெயே இல்லாவிட்டால் நிமிஷக் கணக்கு.
இரண்டையும் நிறுத்துப் பார்த்த யாரோ ஒருவன்
அந்த வில்லை வளைத்திருக்கிறான்.

மூடியைத் திருகி எடுத்தேன்.
குமிழுக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவே
அறுத்த போல்ட் துண்டு ஒன்று, முட்டாக.
அறுத்த முனையை அரம் போட்டு மழுக்கியிருந்தது.

மூட்லி இப்போது கரையில், இரண்டாம் மாடியில்,
சூப்பரின்டெண்ட்.
என் அறிக்கையில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.
போனில் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "அரம் போட்ட துண்டா?"
"ஆமாம்."

"அன்னிக்கு தென்மேற்குக் காத்து.
நங்கூரம் பிடிக்காம ஒரு கப்பல்
பாறைப் பக்கம் போயிட்டிருந்தது, இருபத்திரண்டு பேரோட.
கயிறு கட்டி இழுக்கறப்போ ஃபில்டர் அடைச்சு அலாரம் கத்துது.
குமிழ் சிக்கிக்கிட்டுத் திறக்கல. மாத்த வேற இல்ல.
திங்கக்கிழமை எடுத்துடலாம்னு நெனச்சேன்.
திங்கக்கிழமை இன்னொரு கப்பல்."

"அப்புறம்?"

"அப்புறம் ஃபில்டரெல்லாம் க்ளீனா வர ஆரம்பிச்சுது.
க்ளீனா வர்றதை யாரு கேள்வி கேப்பா, கோகி?"

நடந்துகொண்டிருக்கும் ஓர் எஞ்சினை நிறுத்தி,
ஐந்தாம் பேரிங்கைத் திறந்தோம்.
வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு சிரித்தது.
இன்னொரு குளிர்காலம் தாங்கியிருக்காது.

அறிக்கையில் போல்ட் துண்டை எழுதினேன்.
இருபத்திரண்டு பேரையும் எழுதினேன்.
அவர்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை,
ஓரத்தில், பொடி எழுத்தில், செங்குத்தாக.
என் மூன்று க்ளீன்களை எழுத
அந்த ஓரத்தில் இடம் போதவில்லை.
தாளைத் திருப்பினேன்.
மூட்லி பின்பக்கமும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

புது வில், புதுக் குமிழ், புது எண்ணெய்.
ஐம்பது மணி நேரம் ஓடிய பின்
ஃபில்டரைப் பிரித்த லிண்டானி முகம் கோணினான்.
நாலு வருஷத்து மூலை முடுக்கெல்லாம் அதில் வந்து சேர்ந்திருந்தது,
விரலால் தொட்டால் தாரைப் போல.

'கறுப்பு' என்று எழுதினேன்.
மை காயும்வரை புத்தகத்தை மூடவில்லை.